வளைவுக்கு வைத்த பேர்

டயர்களை அடுக்கிக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தபோது கிளப் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, மூணாம் வளைவு போர்டு வந்தாச்சு. வந்து ஒரு கை பிடிங்க."

எங்கள் கார் பந்தய கிளப்பில் பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு எல்லோரும் வந்து மைதானத்தைத் தயார் செய்ய வேண்டும். வாரம் முழுக்க வீட்டில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாதவர்கள் அன்று கல் சுமப்பார்கள், அதைப் படமும் எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் நடமாடிய காலத்தில் ஒரு வருஷமும் தவறியதில்லை. அவர் சக்கர நாற்காலிக்குப் போன பிறகு நான் வருகிறேன். இந்த வருஷம் அவரே விரட்டி அனுப்பினார். வளைவுகளுக்கெல்லாம் பேர்ப்பலகை வைக்கிறார்களாம், அவருடைய கார் உருண்ட மூன்றாம் வளைவுக்கு "உன் பேருதான் மச்சான்" என்று தலைவர் போனில் சொன்னாராம். அதிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை என்று சொல்லலாம், சொன்னால் எனக்கே வலிக்கும். காலையில் சவரம் செய்துவிடச் சொன்னார். உங்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

கம்பம் அடித்துக் கொடுத்த வெல்டர் பலகையின் மேல் சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்தார். வெள்ளையில் சிவப்பாக, கொட்டை எழுத்தில், 'குட்டிக்கரணம்'. கீழே தலைகீழாக ஒரு கார் படம், வேறு ஒன்றுமில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரித்தார்கள். "செம பேரு. யாரு வெச்சது?"

"யாரோ ஒருத்தர் இங்க கார கவுத்தாராம். அப்போலேர்ந்து இதான் பேரு," என்றார் வெல்டர். அவரும் கிளப்புக்குப் புதுசு. அந்த யாரோவின் பெண்டாட்டிதான் பலகையின் மறுமுனையைப் பிடித்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த தலைவர் ஸ்பானர் பெட்டிக்குள் எதையோ தேடினார்.

"அண்ணா, அவர் பேருன்னு சொன்னீங்களாமே."

"இது அவன் பேருதானம்மா. அவன் போட்ட கரணம்தான? எல்லாரும் ஆசையா இப்படித்தான் சொல்றாங்க. சொந்தப் பேர எழுதினா யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"எழுதினாதான தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் இங்கே புரண்டது ஒரே ஒரு தடவை. படுக்கையில் புரளக்கூட ஆள் வேண்டுமென்று ஆன பிறகு, தினமும் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது நான். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. பலகையைக் கீழே போட்டுவிட்டு நடந்திருக்கலாம். ஆனால் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். விட்டால் வெல்டரின் காலில் விழும், அவர் என்ன பாவம் செய்தார்.

போல்ட் முடுக்கும்போதே வீட்டிலிருந்து போன். "வெச்சாச்சா? போட்டோ அனுப்பு."

நான் அனுப்பாவிட்டால் தலைவர் அனுப்புவார். அனுப்பினேன். உடனே வீட்டுக்காரர் கூப்பிட்டார். சிரித்தார். கிளப் ஆட்களோடு சேர்ந்தால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "குட்டிக்கரணமா? பாவிங்க. நல்லாத்தான் வெச்சிருக்கானுங்க."

அவருக்குப் பின்னால் டிவி ஓடுவது கேட்டது.

"அந்தக் காருக்குக் கீழ சின்னதா ஏதாவது பேரு போட்டிருக்கா? பெருசு பண்ணிப் பாத்துட்டேன். எனக்குத் தெரியல."

"போட்டிருக்கு," என்றேன். "ஓரமா இருக்கு. படத்துல விழல."

"நான்தான் சொன்னேன்ல, அவன் மறக்க மாட்டான்னு." "கிட்டப் போய் இன்னொன்னு எடுத்து அனுப்பு. அதுமட்டும் தெரியற மாதிரி."

தலைவர் இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. வெல்டரும் தன் பங்குக்குத் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு அடுத்த வளைவுக்கு நடந்தார்.