மூன்றாவது தவளை

மருந்தில் ஊறிக் கிடந்த தவளையின் கீழ்த்தாடையைக் கொக்கியால் மெல்லத் தள்ளிவிட்டு, பல் வைத்தியர் சின்னக் கண்ணாடியை உள்ளே நுழைத்தார். மேலண்ணத்தில் இரண்டு குட்டிக் குவியல்கள், உப்புக்கல் மாதிரி. பல் உண்டு. இடதுபக்கத் தட்டில் வைத்தார். அடுத்ததற்கு அண்ணம் மழுமழுவென்று இருந்தது. அது வலதுபக்கம்.

முன்னறையில் அவர் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் பேசிக்கொண்டே இருந்தவள் நாற்காலியில் சரிந்தாள். அவ்வளவுதான். நாலு மணிக்கு வண்டி வரும். அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். அடுக்களையில் தவளை வாய் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் காலையில் அக்கா செய்த காரியம்.

"நாலு பேர் வந்து போற நேரம்டா. அவ அறையில பாட்டில் பாட்டிலா ஒரே நாத்தம். எல்லாம் ஒரே மாதிரி தவளை, எதுக்கு இத்தனை பாட்டில்னு ஒண்ணுல போட்டு மூடிட்டேன். கால்ல கட்டியிருந்த நூலெல்லாம் அழுக்கு. கத்தரிச்சுப் போட்டுட்டேன்."

நூலோடு போனவை அடையாள அட்டைகள். குப்பை வண்டி அதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. தவளைகளைப் பத்திரமாக எடுத்துப்போக வந்திருந்த, மனைவியோடு அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவள், காலிப் பெட்டியோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

சருகுக்கு அடியில் வாழ்கிற இந்தத் தவளைப் பேரினத்தில் இரண்டே இனம் என்று புத்தகங்கள் சொல்லின. மூன்று என்று அவர் மனைவி சொன்னாள். அதற்காக அவள் சண்டை போடாத ஆள் இல்லை. விடுப்பு எடுத்து, பாட்டில்களை வீட்டுக்கே கொண்டுவந்து, கடைசிக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தாள்.

"பல்லை வெச்சு ரெண்டாப் பிரிச்சிடலாம் சார். மூணாவதுதான்..." என்றாள் வந்தவள்.

"அதுக்குப் பல் உண்டா, இல்லையா?"

"உண்டு. பார்க்க அச்சு அசல் இதேதான். கத்துறது மட்டும்தான் வேற. கத்திக்கிட்டு இருக்கும்போதே மேடம் கையால பிடிச்சது ஒண்ணே ஒண்ணு. உங்க இடதுபக்கத் தட்டுலதான் இருக்கும்."

"மரபணு அது இதுன்னு ஏதாவது?"

"பழைய மருந்துல ஊறினது சார். தேறாது."

"மறுபடி போய்ப் பிடிச்சா?"

"அந்தக் காட்டு மேல இப்ப அணைத் தண்ணி நிக்குது. சத்தம் பதிவு பண்ணினது இருக்கு. ஆனா உடம்பைக் காட்டாம பேர் வைக்க விடமாட்டாங்க."

அவர் இடதுபக்கத் தட்டைப் பார்த்தார். எல்லாம் காய்ந்த சருகின் நிறம். ஒன்றை எடுத்தார், வைத்தார். அதையே திரும்ப எடுத்தாரா, வேறொன்றா என்று தெரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் கத்தித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் காலையில் மனைவியின் தலையைச் சிக்கெடுத்து, வலிக்குமோ என்று பயப்படுகிறவள் போல வாரிவிட்டதும் அதே அக்காதான். யார் மேல் கோபப்படுவது? செத்துப்போனவள் மேல்கூடக் கொஞ்சம் கோபம் வந்தது.

"அந்தச் சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்? மேடம் அடிக்கடி செஞ்சு காட்டுவாங்களே."

"இருக்கே," என்றார்.

சொன்ன பிறகுதான் சந்தேகம் வந்தது. பல் விளக்கும்போது, சாப்பாட்டுக்கு நடுவில், அவர் காதருகே வந்து நாக்கைத் தட்டிக் காட்டுவாள். இரண்டு தட்டு, ஒரு இடைவெளியா? மூன்று தட்டா? ஒன்று ஊரறிந்த தவளை, இன்னொன்று அவளுடையது. எது எது?

வெளியே வண்டி வந்து நின்றது. யாரோ அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அவள் தலைமாட்டில் நிறுத்தினார்கள். உதடு லேசாகத் திறந்திருந்தது. அவர் நாக்கை அண்ணத்தில் ஒட்டி மெதுவாகத் தட்டினார். டக், டக். இல்லை. வேகம் போதவில்லை. மறுபடி தட்டினார். இரண்டாவது தட்டு தொண்டையில் இடறியது.

அக்கா ஓடிவந்து அவர் முதுகைத் தடவினாள். "அழுதுடுடா, அழுதுடு. உள்ள வெச்சுக்கிட்டுத் திக்குமுக்காடாதே. யாராவது கொஞ்சம் தண்ணி கொண்டாங்களேன்!"

தண்ணீர் வந்தது. அவர் முழுவதையும் குடித்தார். டம்ளரை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, இந்த முறை மூன்று தடவை தட்டிப் பார்த்தார்.