ஜெபக்குழுவில் விழுந்த குரல்

டெபோரா டீச்சர் அந்தக் குரல் செய்தியைத் தங்கை ஞானசௌந்தரிக்குத்தான் அனுப்பினாள். அது போய் விழுந்தது சபையின் ஜெபக்குழுவில். அங்கே இருநூற்றுப் பதினாறு பேர் இருந்தார்கள்.

காலை எட்டு மணி. தச்சநல்லூரில் ஏறிய பஸ் இன்னும் ஜங்ஷனைத் தாண்டவில்லை. தவறைக் கண்டதும் அழிக்கப் போனாள். அழிக்கிற அவசரத்தில் ‘எல்லாருக்கும்’ என்பதை விட்டுவிட்டு ‘எனக்கு மட்டும்’ என்பதை அழுத்தித் தொலைத்தாள். செய்தி அவள் போனிலிருந்து மறைந்தது. மற்றவர்கள் போனில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. இப்படியொரு வசதியை எவன் எதற்காகக் கண்டுபிடித்தானோ!

“மார்புல கட்டி இருக்கு சௌந்தரி. ஊசி போட்டுச் சதை எடுத்திருக்காவ. வெள்ளிக்கிழமை ரிசல்ட்டு. ஸ்டெபிக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா ஜெர்மனிக்குப் போக மாட்டா.” இதுதான் அவள் பேசியது.

மகள் ஸ்டெபி நர்ஸ். இரண்டு வருஷம் ஜெர்மன் படித்து, விசாவும் வந்து, செவ்வாய்க்கிழமை விமானம். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். வலுக்கட்டாயமாகச் சேர்த்துவிட்டதே டெபோராதான். “ஒரு நாளாவது அதத் தொறந்து கேக்கியாட்டி?” என்று தினமும் திட்டுவாள். இன்று ஒரு நாள் மகள் திறக்காமல் இருக்க வேண்டும் என்று கண்ணை மூடி ஜெபித்தாள்.

கண்ணைத் திறந்தால் குழுவில் ஆமென், ஆமென், கூப்பிய கைகள். ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தன. இத்தனை பேர் கேட்டுவிட்டார்களா? யார் முதலில் வீட்டுக்குப் போன் போடுவார்கள்? குழுவை நடத்துகிற நேசையா அண்ணாச்சியால் மட்டுமே அதை இனி அழிக்க முடியும். கூப்பிட்டாள்.

“மீன் வாங்கிக்கிட்டு நிக்கேன் டீச்சர். இருங்க, என்ன ஜெப விண்ணப்பம்னு கேட்டுட்டு அழிக்கேன்.”

“ஐயோ, கேக்காதிய அண்ணாச்சி! அப்படியே அழிச்சிருங்க.”

“நான் ஆமென் போட்டுட்டேனே.”

“கேக்காமலா?”

“எல்லாத்தையும் கேக்க நேரம் எங்கன இருக்கு?”

அவளுக்கு உயிர் வந்தது. கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. போன வாரம் யாருடைய விண்ணப்பத்துக்கோ அவளும் கேட்காமலேதான் ஆமென் போட்டிருந்தாள். கொக்கிரகுளம் ஆற்றுப்பாலம் ஏறும்போது ‘அழிச்சாச்சு’ என்று அண்ணாச்சியிடமிருந்து செய்தி வந்தது. தாமிரபரணிக் காற்று முகத்தில் பட்டது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தாள்.

பாளை மார்க்கெட்டில் இறங்கியபோது போன் அடித்தது. ஸ்டெபி.

“அம்மா, எங்கன இருக்க?”

“மார்க்கெட்லட்டி. ஸ்கூலுக்கு நேரமாச்சு, வச்சிருதேன்.”

“வைக்காத. தெனமும் திட்டுதியேன்னு இன்னைக்குத்தான் தொறந்தேன்.” ஸ்டெபியின் குரல் நடுங்கியது. உடனே ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலுக்கு மாறியது. “எடதா, வலதாம்மா?”

காலையிலிருந்து போனுக்குப் பயந்ததில் டெபோரா கட்டிக்குப் பயப்பட மறந்திருந்தாள். இப்போது அந்தப் பயம் மொத்தமாக வந்தது. பக்கத்துக் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“எடது” என்றாள்.

“அங்கனயே நில்லு. நான் வாரேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

“சீக்கிரம் வாட்டி” என்றாள்.