மருமகன் படுத்த வாசல்

"அப்போ உம் புருஷன மெத்தையோட இழுத்து வெளிய போடு. நான் கூட்டத்துக்குப் போகணும்."

"கால்ல மூணு கம்பி வச்சிருக்காங்கம்மா. இழுத்துப் போட அவரென்ன கங்காரு வாலா?"

"வாலா இருந்தா நேத்தே நெருப்புல வாட்டித் தின்னுருப்பேன். நாலு பேரக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லு."

"அசைச்சா கால் கோணிரும்னு நர்ஸ் சொல்லிருக்கா. தூக்குக்கட்டிலும் ஆஸ்பத்திரி வண்டியோட வெளியூர் போயிருச்சு. நான் என்ன செய்ய?"

மேவிஸ் நபல்ஜாரி பின்னறைக்குள். மகள் ஜெனீன் நடையில். முன்னறையில் வாசலை அடைத்துக்கொண்டு மெத்தையில் மருமகன். அத்தனை பேச்சும் அவன் காதில் விழத்தான் செய்தது. விழாதவன் மாதிரி சுவரைப் பார்த்துக் கிடந்தான். நல்ல வளர்ப்பு.

பாலைவனத்துப் பூர்வகுடிகளான நம் வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவர் கண்ணில் ஒருவர் படக்கூடாது, பக்கத்தில் வரக்கூடாது, பேரைக்கூடச் சொல்லக்கூடாது. மேவிஸ் அவனைப் 'பிள்ளைங்க அப்பன்' என்பாள். கடையில் அவன் முதுகு தெரிந்தாலே எடுத்த மாவுப் பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். வெட்டவெளியில் நெருப்பு மூட்டிப் படுத்த காலத்தில் இதெல்லாம் ஒரு பாடா? அவன் கிழக்கே போனால் இவள் மேற்கே போவாள், தீர்ந்தது. இந்த வீடுகளைக் கட்டிக் கொடுத்த அரசாங்கத்துக்கு மாமியார் இல்லை போலிருக்கிறது. ஒரே நடை, ஒரே குளியலறை. பின்னறையில் பின்கதவு என்று ஒன்று இருந்தது. மழையில் உப்பிவிட்டது என்று பழுது பார்க்க வந்தவன், வேலை மிச்சம் என்று இரும்புத் தகட்டை வைத்துத் திருகாணி முடுக்கிவிட்டுப் போய்விட்டான். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி வலை.

மகளும் மருமகனும் அதுவரை அவனுடைய அக்கா வீட்டில்தான் இருந்தார்கள். ஃபுட்பாலில் கால் ஒடிந்து, பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள் சாயங்காலம் விமானத்தில் வந்து இறங்கினான். புதிதாய் வந்த நர்ஸுக்கு நம் வழக்கம் எங்கே தெரியும்? குளிர்காற்று இயந்திரம் ஓடுகிற வீடு எது என்று கேட்டு, நேரே இங்கே கொண்டுவந்து கிடத்திவிட்டாள். மேவிஸ் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். ஈரத்தலையோடு வெளியே வந்தவள், முன்னறையில் ஆம்பளை இருமல் கேட்டதும் பின்னறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்தியவள்தான். குளியலறை அவள் பக்கம் இருந்ததால் அவனுக்கு வாளி. ஆக, இரண்டு கைதிகள். நடுவே ஜெனீன் ஒருத்தி காவல்.

இன்னொரு நாளாயிருந்தால் மேவிஸ் படுத்துத் தூங்கியிருப்பாள். அன்றைக்குச் சுரங்கக் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். தெற்கே ஒரு சாலை போட வேண்டுமாம். எந்த வழியாகப் போடலாம் என்று அந்த மண்ணுக்கு உரியவர்களைக் கேட்கக் கொட்டகையில் கூட்டம். மேவிஸின் அப்பன் வழி மண் அது. அதில் ஒரு ஊற்று உண்டு, பெண்கள் மட்டும் போகிற இடம். அது எங்கே என்று தெரிந்தவர்களில் பேச உரிமை உள்ளவள் இப்போது மேவிஸ் ஒருத்தி. அவளுடைய அக்காமார் மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஜெனீனுக்கு அவள் அப்பன் வழி மண் வேறே. மிச்சம் இருப்பது மேவிஸின் சித்தப்பா மகன் ஹெக்டர். ஆம்பளை, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் யார் எது கேட்டாலும் தலையாட்டுவான். எதிரே காற்று வீசினாலும் ஆட்டுவான் என்று ஊரில் பேச்சு.

மதியம் நாத்தனார் கிளாடிஸ் நகமரா ரொட்டிக்குள் சாசேஜ் வைத்துத் தின்றுகொண்டே பின் ஜன்னலுக்கு வந்தாள்.

"மதினி, ஒங்க தம்பி முன் நாற்காலியில உக்காந்தாச்சு. ரோட்டுப் படத்தை விரிச்சுக் காட்டுறாங்க. அவரு ரெண்டு தடவ ஆட்டிட்டாரு."

"எதுக்கு ஆட்டுனான்?"

"மொதத்தடவ டீக்கு. ரெண்டாவது எதுக்குன்னு தெரியல."

மேவிஸ் வலையைப் பிடித்துக்கொண்டாள். அறையில் காற்றே இல்லை. இயந்திரத்தின் குளிர்ச்சியெல்லாம் முன்னறையோடு சரி.

"போர்வையப் போட்டு அவன மூடிட்டு ஒரே ஓட்டமா ஓடி வந்துருங்களேன்."

"போர்வைக்குள்ள யாரு கெடக்கான்னு எனக்குத் தெரியாதா? அவனுக்குத் தெரியாதா? ஒன் மருமகன இப்படித் தாண்டுவியா நீ?"

கிளாடிஸ் ரொட்டியைக் கடித்தாள். தாண்டமாட்டாள். அவள் மருமகன் வருகிறான் என்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெயிலில் அரை நாள் நிற்கிறவள்தான் அவளும்.

"அப்போ கூட்டத்த இங்க கூட்டிட்டு வரட்டா? ஜன்னல் வழியா பேசுங்க."

"மாட்டேன்."

ஏன் மாட்டாள் என்று கிளாடிஸுக்குத் தெரியும். நம் பிள்ளைகளை அரசாங்கம் பிடித்துப்போன காலத்தில், சின்ன வயதில் மேவிஸையும் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பாதிரிமாரின் மிஷன் விடுதியில் பூட்டினார்கள். அங்கேயும் இதே வலைதான். அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்து வந்து வலைக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போவாள். ஒரு ஞாயிறு வரவில்லை. பிறகு வரவே இல்லை. வலைக்குப் பின்னால் நின்று இனி எவரோடும் பேசமாட்டேன் என்று மேவிஸ் சொல்லிச் சொல்லி ஊருக்கே மனப்பாடம். வீட்டில் ஜன்னலுக்கு வலை போட வந்தவனைக் கல்லெறிந்து விரட்டியவள் அவள். மறுநாள் அவள் கடைக்குப் போன சமயம் வந்து போட்டுவிட்டான்.

நாத்தனாரோடு பேசினால் கணக்கில்லையாம். சொந்தம்தானே.

கொட்டகையிலிருந்து ஒலிபெருக்கி கேட்டது. ஹெக்டர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். கைதட்டினார்கள்.

மேவிஸ் கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். பின்கதவுத் தகட்டைத் தோளால் இடித்தாள், தோள்தான் வலித்தது. பிறகு ஜன்னலுக்கு வந்தாள்.

"கூட்டிட்டு வா. நாற்காலியோட வரச் சொல்லு. நின்னுக்கிட்டு என்ன வேடிக்க பாக்கக் கூடாது."

வந்தார்கள். கம்பெனிக்காரர்கள், நம் தரப்பு வக்கீல், பாதி ஊர், நாலு நாய். வலைக்குள்ளே முகம் தெரிந்ததும் கம்பெனிக்காரன் ஒருவன் தொப்பியைக் கழற்றினான், ஜெயிலில் ஆள் பார்க்க வந்தவன் மாதிரி. படத்தை வலையில் ஒட்டிப் பிடித்தார்கள். மேவிஸ் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இங்க வேண்டாம்."

உள்ளே மருமகனுக்கு உடம்பே கூசிப்போனது. மாமியார் பேச்சை இப்படி ஊர் முன்னால் கேட்டுக்கொண்டு கிடப்பதா? டிவியில் ஃபுட்பாலைக் கொஞ்சம் கூட்டிவைத்தான். மேவிஸ் குரலை உயர்த்தினாள். அவன் இன்னும் கூட்டினான். அவள் கத்தினாள். அவன் கடைசிவரை கூட்டிவிட்டான்.

"அதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லக் கூடாதா?" என்றார் வக்கீல்.

"கொறச்சா மரியாதக் கொறச்சல்" என்றாள் ஜெனீன். ஊரே சிரித்தது.

"ஏன் வேண்டாம்னு சொல்லுங்க" என்றான் தொப்பிக்காரன்.

"அது பொம்பளைங்க எடம். ஆம்பளைக்குச் சொல்ல மாட்டேன். வழி வேணும்னா கெழக்க சுத்திப் போ."

"உங்க தம்பி சரின்னு தலையாட்டினாரே."

"ஹெக்டர், தலைய ஆட்டாம உக்காரு. அந்த எடத்தப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

ஹெக்டர் ஆமாம் என்று ஆட்டினான். "ஒண்ணும் தெரியாதுக்கா" என்றான்.

வக்கீல் படத்தில் அந்தக் கோட்டை அடித்தார். நாற்காலிகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் போன பிறகும் மேவிஸ் வலையைவிட்டு நகரவில்லை. முகத்தில் அதன் கட்டங்கள் பதிந்திருந்தன. "ஜெயிச்சுட்டீங்களே மதினி" என்றாள் கிளாடிஸ். "இனிமே எல்லாரும் இங்கயே வந்து கேப்பாங்க, போ" என்றாள் மேவிஸ்.

பொழுது சாய்ந்துதான் தூக்குக்கட்டில் வந்தது. நாலு பேர் அவனை அக்கா வீட்டுக்குச் சுமந்தார்கள். பின்கதவுத் தகடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மேவிஸ் இப்போது முன்வாசலில்தான் படுக்கிறாள்.

சாலை கிழக்கே சுற்றி, ஹெக்டர் வீட்டு வேலியை உரசிக்கொண்டு போனது. புழுதி தாங்காமல் அவன் பட்டணத்தில் மகனிடம் போய்விட்டான். அவன் மகள் ஷார்மெய்ன் அந்தச் சாலையை நிரவ வந்த வண்டிக்காரனையே கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் குடிபோனாள். ஜெனீனும் புருஷனும், கால் கூடியதும், அவன் அம்மா இருக்கிற மேற்கூருக்குப் போனார்கள். அங்கே மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசலாம், தடையில்லை. அதனால் தினமும் சண்டையாம்.