பீன்ஸ் அறுவடையில் ஒரு சட்டை ஆர்டர்

பீன்ஸ் கொடி மஞ்சள் தட்டிவிட்டால் தலாஸ் பள்ளத்தாக்கில் கூலிக்கு ஆள் தேடுவதைப் போல வெட்டி வேலை வேறு கிடையாது. இளவட்டங்களில் பாதிப் பேர் ரஷ்யாவில், மிச்சப் பேர் தோட்டத்தில். அது தெரிந்திருந்தும் சைரகுல், பள்ளி திறப்பதற்குள் சீருடைச் சட்டைகள் தைத்துத் தருவதாக நகரத்து வியாபாரியிடம் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள். மாஸ்கோத் தையல் கூடத்தில் பல வருடம் குனிந்தே கிடந்தவளுக்கு ஊர்ப் பருவம் மறந்துபோயிருந்தது.

அவளும் கணவன் கனிபெக்கும் இந்த வசந்தத்தில்தான் திரும்பி வந்து, சேர்த்த காசையெல்லாம் கொட்டிச் சின்னதாக ஒரு தையல் கூடம் போட்டிருந்தார்கள். இந்த ஆர்டர் தவறினால் கூடத்தை மூடிவிட்டு மறுபடி ரயில் ஏற வேண்டியதுதான். மகள் ஐஸிரெக் மறுபடி நாத்தனார் வீட்டில் வளருவாள்.

தையல்காரிகள் ஒவ்வொருத்தியாகத் தோட்டத்துக்கு நழுவியபோது அவள் நேரே பூருல்சாவிடம் போனாள். ஊரிலேயே பெரிய பீன்ஸ் தோட்டம் பூருல்சாவுடையது. வாயும் அதே அளவு.

"அக்கா, நாலே நாலு பேரை விட்டுக்குடுங்க. சட்டை போகலைன்னா நான் தொலைஞ்சேன்."

"மழை வந்தா காய் வெடிச்சு நானும்தான்டி தொலைவேன். வேணும்னா கூலியை ஏத்திப் பாரு. நீ ஏத்தினா நானும் ஏத்துவேன்!"

சைரகுல் ஏற்றினாள். பூருல்சாவும் ஏற்றினாள். போட்டி போன போக்கைப் பார்த்து கனிபெக், "பேசாம கூலிக்குப் பதிலா சட்டையையே குடுத்துரலாம்" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் அன்று சாயங்காலமே மாஸ்கோ டிக்கெட் விலையை விசாரித்தான். அது காதில் விழுந்த ஐஸிரெக் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

சைரகுலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கூலிக்குத்தானே வர மாட்டாங்க? ஆஷாருக்கு வராம இருந்துருவாங்களா?"

கனிபெக் வாயைப் பிளந்தான். கூரை போட, வாய்க்கால் தூர்வார என்றால் ஆஷார் சொல்வார்கள். சொன்னால் ஊரே வந்து கூலியில்லாமல் செய்துகொடுக்கும், வயிறாரச் சாப்பாடு போட்டால் போதும். "வியாபாரத்துக்கு ஆஷாரா? ஊரு சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே தைக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஊர் சிரித்துக்கொண்டேதான் வந்தது. முதல் ஆளாக பூருல்சா, வீட்டுத் தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, பின்னால் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரோடும் வந்தாள். "என் ஆளுங்களை அடிச்சுக்கிட்டுப் போக உனக்கு வேற வழியே கிடைக்கலியாடி?" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். தைக்கத் தெரிந்தவர்கள் தைத்தார்கள், தெரியாதவர்கள் நூல் வெட்டினார்கள். டிராக்டர்காரன் பொத்தான் தைக்கிறேன் பேர்வழி என்று சட்டையைத் தன் கால்சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் விழித்தான். கனிபெக் ஆட்டை அறுத்துக் கொப்பரை கொப்பரையாக சூப் காய்ச்சினான். பொழுது சாய்வதற்குள் சட்டைகள் வேனில் ஏறிவிட்டன.

சந்தோஷத்தில் சைரகுலுக்குத் தலைகால் புரியவில்லை. மாஸ்கோப் பழக்கத்தில் கூலியைக் கவரில் போட்டு ஆளுக்கொன்றாக நீட்டினாள். சிரிப்பு பட்டென்று நின்றது.

"ஆஷாருக்குக் கூலியா!" பூருல்சாவின் முகம் சிவந்துவிட்டது. "காசை விட்டெறிஞ்சு எங்ககூடக் கணக்கை முடிச்சுக்கிட்டு ரயில் ஏறலாம்னு பாக்கறியா? அதெல்லாம் நடக்காது. நாளைக்கு என் தோட்டத்துல ஆஷார், வந்து சேரு. அப்புறம் இதோ என் பக்கத்துல நிக்கறாளே, இவ தோட்டம். அப்புறம் அந்த டிராக்டர்காரன் வீட்டுக் கூரை. பீன்ஸ் முடியட்டும், குளிர்காலம் பூரா உன் கூடத்துல உக்காந்து நாங்க தைக்கறோம். அப்பக் குடு கூலி. ஒரு காசு குறைஞ்சாலும் சண்டைக்கு வருவேன்!"

கொப்பரைக்குப் பக்கத்தில் நின்ற ஐஸிரெக் மெதுவாகக் கேட்டாள். "அப்ப அம்மா மாஸ்கோ போக முடியாதா பெரியம்மா?"

"எப்படிடி போவா? இத்தனை வீட்டுக்கும் வேலை செஞ்சு தீர்க்கணுமே! உனக்குக் கல்யாணம் ஆகிப் பேரன் பேத்தி எடுத்தாலும் தீராது."

ஊர் மறுபடி சிரித்தது. சைரகுலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நீட்டிய கவர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் அக்கா?"