துரையின் பாறை

வெங்காயத்துக்கே யோசிக்கும் வீடு கஸ்தூரிரங்கன் வீடு. மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய அந்த ஃப்ளாட்டின் ஹாலில் மீன் வளர்வதைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசாத வாய் இல்லை. அதுவும் சாதா மீனா? உப்பு கலந்த தண்ணீர், பவளப்பாறைத் துண்டுகள், கடல் மீன்! ரயில்வேயில் ஓய்வு பெற்றவருக்கு அதட்ட ஆள் இல்லாத குறையை அந்தத் தொட்டிதான் தீர்த்து வைத்தது.

தொட்டியில் ஒரு நீல டாம்சல் மீன். கட்டைவிரல் நீளம்தான், அதிகாரம் மட்டும் கலெக்டருக்குச் சமம். பெரிய பாறைக்கு அடியிலுள்ள பொந்து அதனுடையது. யார் எட்டிப் பார்த்தாலும் பாய்ந்து விரட்டும். அதற்குத் துரை என்று பெயர் வைத்துக் கொண்டாடினார் கஸ்தூரிரங்கன்.

போன வாரம், வால் சிவந்த சாதுவான ஃபயர்ஃபிஷ் ஒன்றை வாங்கித் தொட்டியில் விட்டார். துரை துரத்திய துரத்தலில் அது பம்ப் ஓரமாக ஒண்டிக்கொண்டு தீனிக்குக்கூட வரவில்லை. தொல்லை பொறுக்காவிட்டால் தொட்டியை விட்டே குதித்துச் சாகிற ஜாதி அது. பயந்துபோய் மேலே வலை போட்டு மூடினார்.

அதே வாரம்தான் அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மியின் தம்பி வேம்புவும் வந்து சேர்ந்தார். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. ஸ்ரீரங்கத்தில் தனியாக என்ன செய்கிறாய், இனி எங்களோடேயே இரு என்று அக்காதான் வற்புறுத்தி அழைத்திருந்தாள்.

"வேம்பு, அந்த ஈசிசேர்ல உக்காராதே. அது எனக்குப் பழகின சேர்."

"சரி அத்திம்பேர்."

"பேப்பரைப் பிரிச்சுட்டியா? நான் பாத்தப்பறம் எடுத்துக்கப்படாதோ?"

"தப்புதான் அத்திம்பேர்."

ஃபேனுக்கு நேர் கீழே அத்திம்பேர் இடம். ரிமோட்டும் அவருடையது. நகர்ந்து நகர்ந்து வேம்பு சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு வந்து சேர்ந்தார். கொண்டுவந்த பையைப் பிரிக்கவே இல்லை.

"ஏன்னா, நாளைக்குக் காலம்பற ஊருக்கே திரும்பறேங்கறான். எனக்குன்னு இருக்கறது ஒரே தம்பி. அவனுக்கு இந்த ஆத்துல ஒரு இடம் இல்லியேன்னு நெஞ்சை அடைக்கறது" என்று கண் கலங்கினாள் ஸ்ரீலக்ஷ்மி.

"நான் ஒரு வார்த்தை சொன்னேனா?" என்று சீறினார் கஸ்தூரிரங்கன். அடுத்த மூச்சில் தொட்டியைப் பார்த்து உருகினார். "இதைப் பாருடி, பாவம், புதுசா வந்த ஜீவன். வாயில ஒண்ணும் வெக்கலை." அட ராமா, இந்த மனுஷனை என்னவென்று சொல்ல!

உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார், முழங்கை வரைக்கும். பெரிய பாறையைப் பெயர்த்து எதிர் மூலையில் வைத்தார். மிச்சக் கற்களையும் கலைத்து அடுக்கினார்.

"துரைக்குக் கெட்ட எண்ணம் கிடையாது ஸ்ரீ. இது என் இடம்ங்கற நினைப்பு, அவ்வளவுதான். எல்லாத்தையும் மாத்தி வெச்சுட்டா யாருக்கும் சொந்த இடம் இல்லை. எல்லாரும் புதுசு. சண்டையும் கிடையாது."

சொன்னபடியே ஆயிற்று. துரை தன் பொந்தைக் காணாமல் திருதிருவென்று விழித்தது. ஃபயர்ஃபிஷ் மெதுவாக வெளியே வந்து தீனியைக் கொத்தியது.

"இவ்வளவுதானா?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"இவ்வளவேதான்!" என்று மீசையில்லாத இடத்தைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை கபாலி கோயில் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, வாசலில் கிடந்த பேப்பரோடு உள்ளே நுழைந்தவருக்குத் தலை சுற்றியது. டிவி எதிர்ச் சுவரில் இருந்தது. சோபா ஜன்னலோரம் போயிருந்தது. ஃபேனுக்குக் கீழே சாப்பாட்டு மேஜை. ஈசிசேர் இருந்த இடத்தில் துளசித் தொட்டி!

நடு ஹாலில் பையும் கையுமாக வேம்பு நின்றுகொண்டிருந்தார். "கிளம்பலாம்னு பாத்தா செருப்பு ஸ்டாண்டையே காணோம், அத்திம்பேர்."

"என் சேர் எங்கடி?" என்று கத்தினார் கஸ்தூரிரங்கன்.

"யாருக்கும் சொந்த இடம் இல்லை. எல்லாரும் புதுசு" என்று இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள் ஸ்ரீலக்ஷ்மி. "மேலே வலையும் போடணுமா?"

அவர் மீன் தொட்டியைப் பார்த்தார். துரையும் அவரைப் பார்த்தது. முகம் சுருங்கிப்போயிற்று மனுஷனுக்கு. "அப்போ நான்தான் துரைங்கறியா?"

"நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. வேம்புவின் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தார். "எங்கயும் போகப்படாது. இது உன் அகம். உக்காருடா" என்று சோபாவில் இழுத்து உட்கார்த்தி, பிரிக்காத பேப்பரை அவர் மடியில் வைத்தார்.

குறுக்கெழுத்துப் பக்கத்தை மட்டும் நைசாக உருவிக்கொண்டார்.