அவளாகக் கழற்ற முடியாதது

கழுத்தெலும்புக்குக் கீழே இரண்டு சின்னக் கல் பதித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இளவரசிக்குக் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. சொன்னால் அம்மா லோகநாயகி வீட்டையே இரண்டாக்கிவிடுவாள் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் எழிலனிடம் சொல்லிவிட்டாள். அவன் திட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. "போட்டுக்கலாம், நானே கூட்டிட்டுப் போறேன்," என்றான்.

எழிலன் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். அவன் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. இளவரசியோடு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற பெண்கள், இப்படி ஒருத்தர் அமைய கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

கொஞ்ச நாளில் அவன் இடத்தை மாற்றினான். கழுத்தெலும்பு வேண்டாம், பிடரியில், முடி முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே. "முன்னாடி போட்டா ஊரே பாக்கும். பின்னாடின்னா நான் மட்டும்தான் பாப்பேன்." ஃபோனில் கேட்டபோது அது கொஞ்சலாகத்தான் இருந்தது. அடுத்து எந்த வகை என்பதையும் அவனே முடிவு செய்தான். டெர்மல் ஆங்கர். அவள் சர்ஃபேஸ் பியர்சிங் போதும் என்றாள். ஸ்கேன் அறைக்குள் காந்தம் இருக்கிறது, வருகிறவர்களிடம் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்பதே அவள் வேலை, தன் உடம்பில் இருப்பதை நினைத்தபோது எடுக்க முடிய வேண்டாமா என்று விளக்கினாள். அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டு, "ஆங்கர்தான் அழகு," என்றான். மறுநாளும் அதேதான் சொன்னான், அதே குரலில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைக்கில் சிதம்பரம் போனார்கள். தெற்கு வீதியிலிருந்து பிரிகிற சந்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது கடை. நடத்துகிறவள் பெயர் ரேகா. முப்பது வயதைத் தாண்டியவள். பாண்டிச்சேரியில் வேறொருவரின் கடையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சமீபத்தில்தான் சொந்தமாகத் திறந்திருந்தாள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், கண்கள் மட்டும் தெரிந்தன.

அவள் ஒரு தட்டில் இரண்டு பொருளை எடுத்து வைத்தாள்.

"இது ஆங்கர். அடியில பாதம் மாதிரி தகடு இருக்குது பாருங்க, அதுல ஓட்டை. ஒரே ஒரு துளை போட்டு இதத் தோலுக்கு அடியில படுக்க வைப்பேன். போகப்போக சதை அந்த ஓட்டைக்குள்ள வளந்து புடிச்சுக்கும். வெளிய கல்லு மட்டும்தான் தெரியும். இது சர்ஃபேஸ் பார். ஸ்டேப்ளர் பின்ன நெனச்சுக்கங்க. ஒரு பக்கம் உள்ள போயி மறுபக்கம் வெளிய வரும். ரெண்டு துளை, ரெண்டு கல்லு."

"எது நல்லதுக்கா?" என்றாள் இளவரசி.

"மூக்குத்தி மாதிரி ஆயுசுக்கும் ரெண்டும் நிக்காது. இந்த பார் கம்பிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளிடும், தழும்பு நிக்கும். ஆங்கர் சீக்கிரம் ஆறும். ஆனா சீப்புல, துப்பட்டாவுல மாட்டுச்சுன்னா வலி உயிர் போயிடும். பிடரின்னு சொல்றீங்க, முடி வேற ஜாஸ்தியா இருக்குது. என்னக் கேட்டா சர்ஃபேஸ் பார்தான் போடச் சொல்லுவேன்."

அதுவரை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த எழிலன் தலையை நிமிர்த்தினான்.

"இதுல எது அவளா கழட்ட முடியாதது?"

தட்டை நகர்த்திக்கொண்டிருந்த ரேகாவின் கை நின்றது. "புரியல சார்."

"கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு அவளே கழட்ட முடியாதது எதுன்னு கேக்கறேன்."

"ஆங்கர். வேற யாராச்சும் கீறித்தான் எடுக்கணும்."

"அதயே போடுங்க."

கடையில் வேறு யாரும் இல்லை. ரேகா அவனையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு இளவரசியை எழுந்து வரச் சொல்லித் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். எழிலனும் எழுந்தான்.

"தோலப் பாக்கணும் சார். சட்டைய எறக்கணும், நீங்க உக்காருங்க."

"நான்தான் கட்டிக்கப் போறவன்."

"இன்னும் கட்டலயே சார்."

அவன் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். நாற்காலி திரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கீழே அவன் செருப்பின் நுனி தெரிந்தது. ரேகா எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாள். அது கடகடவென்று இரைந்தது. இளவரசியைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, முடியை ஒதுக்கி, பிடரியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தாள். குனிந்து காதருகே பேசினாள்.

"நான் சொல்றதக் கேளு. திரும்பாத. இந்த ஆள நான் பாண்டியில பாத்திருக்கேன். ஒரு பொண்ணக் கூட்டிட்டு வந்து இதே கேள்விய, இதே வார்த்தையில கேட்டான். அன்னிக்கும் எனக்கு மாஸ்க், என்னத் தெரியல அவனுக்கு. நான்தான் அந்தப் பொண்ணுக்கு ஆங்கர் போட்டேன்."

இளவரசிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒரு கேள்வியை இரண்டு பேர் கேட்கக் கூடாதா? "வேற யாராவது இருக்கும்க்கா," என்றாள் உதட்டுக்குள்.

"அந்தப் பொண்ணு திரும்பி வந்துது. தனியா. உன்ன வேணாம்னு சொல்லியிருக்குது அவன்கிட்ட. அப்ப நான் காசு குடுத்துப் போட்டத நானே எடுத்துக்கறேன்னு பிளையரால பிடுங்கியிருக்கான். நான்தான் துணியால பொத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். தேவனாம்பட்டினத்துப் பொண்ணு. திலகவதின்னு பேரு."

திரைக்குக் கீழே செருப்பு நகர்ந்தது. "முடிஞ்சுதா?" என்றான் எழிலன்.

ரேகா குரலை உயர்த்தினாள். "சார், இவங்களுக்குத் தோல் தடிக்கிற வாகு. போட்டா கட்டி மாதிரி எழும்பிடும். நான் போட மாட்டேன்."

"எங்க, காட்டுங்க." அவன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

இளவரசியின் இடது கையில் சின்ன வயதில் போட்ட தடுப்பூசித் தழும்பு தடிப்பாக இருந்தது. ரேகா அதைக் காட்டினாள். எழிலன் அதன்மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக உருட்டிப் பார்த்தான், கடையில் தக்காளியை அழுத்திப் பார்ப்பதுபோல. "சரி," என்றான். "போலாம் வா."

திரும்பி வருகிற வழியில் வெள்ளாற்றுப் பாலம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. இளவரசி பின்னால் உட்கார்ந்து தனக்குள் வாதாடிக்கொண்டே வந்தாள். கடைக்காரி ஆளை மாற்றிச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு மரியாதையான ஆள் பிளையரை எடுப்பானா? ஆனால் அவளாகக் கழற்ற முடியாதது எது என்று அவன் கேட்டதை அவள் தன் காதாலேயே கேட்டிருந்தாள். கடைசியில், ஆலப்பாக்கம் தாண்டியதும், மனசில் இருப்பதைச் சும்மா கேட்பதுபோல் கேட்டுவிட்டாள்.

"மாமா, திலகவதி யாரு?"

யாரது என்று அவன் கேட்பான், தான் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். பைக்கின் வேகம் குறைந்தது.

"யார் சொன்னா?" என்றான்.

"யாரும் சொல்லல. சித்தி வீட்டுல யாரோ பேசிட்டிருந்தாங்க, சரியாக் கூட காதுல விழல."

சிப்காட் வந்ததும் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகிற ஒரு தெருவில் திருப்பினான். மூடிக் கிடந்த ஒரு கம்பெனியின் மதிலோரம் நிறுத்தினான். அழுகிய முட்டை மாதிரி ஒரு நெடி தொண்டையில் இறங்கியது. மதிலை ஒட்டி ஓடிய வாய்க்காலில் தண்ணீர் டீ நிறத்தில் நின்றது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆள் நடமாட்டமே இல்லை.

"எறங்கு," என்றான். இறங்கினாள். அவளைத் திருப்பி நிறுத்தி, ஜடையை எடுத்து முன்பக்கம் போட்டான்.

"இங்கதானே புள்ளி வச்சா?"

கட்டைவிரல் பிடரியில் படிந்தது. முதலில் தடவினான். பிறகு அழுத்தினான். நகம் தோலைக் கிழித்து இறங்கியது. அவள் எதிரே மதிலில் பெயர்ந்து போன சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தோல் நல்லாத்தான் இருக்குது. அவ பொய் சொல்றா. அடுத்த வாரம் வேற எடத்துக்குப் போலாம். எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான்."

"சரி மாமா."

"சந்தோஷமாத்தான சொல்ற?"

"ஆமா மாமா."

தெருமுனையில் இருந்த இன்னொரு கம்பெனியின் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் கேட்டைத் தாண்டி வந்தார்கள். பேக்கிங் பிரிவுப் பெண்கள் டிபன் பையோடு, முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். எழிலனைத் தெரிந்த ஒருவன் கையை ஆட்டி, "இன்னா மச்சான், லீவுல கூட இங்கியா?" என்றபடி கிட்டே வந்தான். அவன் பக்கம் எழிலன் முகத்தைத் திருப்பிய நேரத்தில் இளவரசி நடக்கத் தொடங்கினாள். ஓடவில்லை. ஓடினால் அவன் கண்ணில் பட்டுவிடும். பெண்களோடு பெண்ணாக ஷேர் ஆட்டோவில் ஏறி நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவன் கூப்பிடவில்லை. ஆட்டோவுக்குப் பின்னால், முந்தாமல், விலகாமல், திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும் வந்தான். ஆட்டோ நின்றபோதெல்லாம் அவனும் நின்றான்.

வீட்டுக்குள் போனதும் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். கல் பதிக்கப் போனதையும் சேர்த்தே சொன்னாள். லோகநாயகி முதலில் அதைப் பிடித்துக்கொண்டுதான் கத்தினாள். "எவளோ கடைக்காரி சொன்னான்னு சொந்தத்த அறுத்துக்க முடியுமா? பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு." இளவரசி திரும்பி ஜடையை ஒதுக்கினாள். ஊதா மை கலைந்து, நடுவில் நகம் இறங்கிய இடம் ரத்தம் கட்டி அரைவட்டமாக இருந்தது. அம்மா முந்தானை நுனியை ஈரமாக்கி அதைத் துடைத்தாள்.

வாசலில் பைக் நின்றது. எழிலன் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தான். "ஊசியப் பாத்துப் பயந்துட்டா அத்த," என்று சிரித்தான். மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து காபி கேட்டான். லோகநாயகி போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் மகள் இருந்த அறையின் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே அப்பா தில்லைநாதன் நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். "உங்க இஷ்டம் மாமா," என்று கும்பிட்டானாம். அப்பா நிம்மதியாகச் சொன்னார். இளவரசிக்கு நிம்மதி வரவில்லை.

அதற்குள், இளவரசி முன்பதிவுக்குக் கொடுத்திருந்த நம்பரில், சிதம்பரத்திலிருந்து ரேகா கூப்பிட்டாள். "தினமும் வர்றான்மா. எதிர்க்க டீக்கடையில நிக்கிறான். ஒண்ணும் பண்றதில்ல. மாடியையே பாத்துக்கிட்டு நிக்கிறான்."

யார் சொன்னது என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான். திலகவதி என்ற பெயரைத் தான் வாய்விட்டுச் சொன்னதால் வந்தது இது. அந்த நினைப்பு உறுத்த, இளவரசி தேவனாம்பட்டினம் போய் விசாரித்து விசாரித்துத் திலகவதியின் வீட்டைக் கண்டுபிடித்தாள். திலகவதி வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எழிலன் பெயரைக் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"போட்டுட்டியா?" என்றாள்.

"இல்ல."

"நல்லது." ஈரக் கை பிடரிக்குப் போயிற்று. "எனக்கு இன்னும் படுத்தா அந்தப் பக்கம் எரியும். காத்து பட்டாக் கூட."

திலகவதிக்கு வேறு இடத்தில் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. கோர்ட்டு கேஸ் என்று அலைய முடியாது, ஆனால் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றாள். ரேகாவும் சிதம்பரத்திலிருந்து வந்தாள், மூன்று பேரும் சேர்ந்து போய்ப் புகார் கொடுத்தார்கள். பெண் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். கேஸ் போடலாம், ஆனால் திலகவதி கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும் என்றார். திலகவதி தலையை ஆட்டி மறுத்தாள். அவனைக் கூப்பிட்டு எச்சரித்து எழுதி வாங்குவது என்று முடிவாயிற்று.

எழிலன் சொன்ன நேரத்துக்கு வந்தான். அயர்ன் செய்த சட்டை, நெற்றியில் திருநீறு. இன்ஸ்பெக்டர் பேசியபோது தலையைக் குனிந்து நின்றான். "தப்புதான் மேடம். இனிமே இவங்க பக்கமே வர மாட்டேன்," என்றான். எழுதச் சொன்னதை எழுதி, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டான். கையெழுத்து அழகாக இருந்தது.

மூன்று பேரும் வெளியே வந்தபோது அவன் வேப்பமரத்தடியில் நின்ற பைக்கின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏறி உட்கார்ந்து, ஹெல்மெட்டைப் போடுமுன், ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகப் பார்த்தான். அவசரப்படவே இல்லை.

"வெயிலு ஜாஸ்தியா இருக்குது," என்றான். "பாத்துப் போங்க."

பைக் தெருமுனையில் திரும்பியது. யார் வீட்டுப் பக்கம் என்று பார்க்க முடியாமல் மரம் மறைத்துவிட்டது. டவுன் பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. இன்னொன்று வந்தது. திலகவதி இளவரசியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். யார் முதலில் கிளம்புவது என்று தெரியாமல் மூவரும் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.