பதினேழாம் எண்ணின் சீட்டுகள்

ஒரு கருவித் தட்டைக் கட்டி முடிப்பதற்குள் மேஜையை ஏழெட்டு முறை சுற்றி வந்துவிடுவது அவளுடைய வழக்கம். அறுவைக் கருவிகளைக் கழுவி, செட் செட்டாகத் துணியில் கட்டி, நீராவியில் சுத்திகரித்து மேலே அனுப்பும் பிரிவு அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது. அங்கே அவளுக்கு ஒன்பது ஆண்டு வேலை. மற்றவர்கள் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கருவிகளை அடுக்குவார்கள். அவளோ நடப்பாள். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, "வளைஞ்ச கத்தரி ரெண்டு, பெரிய இடுக்கி ஆறு, சின்ன இடுக்கி எட்டு" என்று ஏலம் விடுபவளைப் போலக் கூவுவாள். நடுவே மகளின் செருப்பு அறுந்த கதை வரும். அது முடியுமுன் பக்கத்து வீட்டுப் பூனையின் கதை வரும். எந்தக் கதையும் முடிந்ததில்லை. எண்ணிக்கை மட்டும் முடியும். அந்த அறையில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பம்பரம் என்றே அழைத்தார்கள்.

"கொஞ்சம் நில்லும்மா பம்பரம். பாக்குற எனக்கே தலை சுத்துது" என்பார் நீராவி இயந்திரக்காரர்.

"நீங்க கண்ணை மூடிக்குங்கண்ணே. நான் நின்னா எனக்குத் தலை சுத்தும்."

அந்த ஆண்டு அவளுக்கு முப்பத்தொன்பது வயது. நிரந்தரப் பணிக்கான தேர்வை நாற்பதுக்குமேல் எழுத முடியாது. இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். இது கடைசி வாய்ப்பு. பாடம் தெரியாமல் தோற்கவில்லை. புத்தகத்தை விரித்தால் மூன்றாவது வரியில் மனம் எழுந்து வெளியே போய்விடும். மின்விசிறி ஏன் இப்படிக் கிறீச்சிடுகிறது, எண்ணெய் விட்டால் சரியாகுமோ, வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டதே, அடடா, அடுப்பை அணைத்தோமா என்று அது ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது படிக்கும் நேரம் முடிந்திருக்கும்.

சென்ற ஆண்டுதான் இரண்டாம் மாடி மனநல மருத்துவர் இதற்குக் காரணம் சொன்னார். இது கவனச் சிதறல் குறைபாடு. பிறவியிலிருந்தே உடன் வருவது. சோம்பலும் அல்ல, மூளைக் குறைவும் அல்ல. மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். பத்துப் பத்து நிமிடமாகப் படி, வாய்விட்டுப் படி, கைக்கும் காலுக்கும் வேலை கொடுத்துக்கொண்டே படி என்றும் சொல்லி அனுப்பினார்.

பிரிவின் தலைவி அவளுடைய நாத்தனார், கணவனுக்கு மூத்தவர். ஒரு நாளும் தாமதமாக வராதவர், சொன்ன சொல்லைத் திரும்பப் பெறாதவர். மருத்துவர் சொன்னதைக் கேட்டதும் அவர் உதட்டைச் சுழித்தார்.

"பேர் வெச்சுட்டா எல்லாம் வியாதி ஆயிடுமா? எனக்கும்தான் காலையில எழுந்திருக்க மனசு வராது. அதுக்கு என்ன பேரு?"

"அதுக்கு மனுஷத்தன்மைன்னு பேரு அண்ணி. உங்களுக்கும் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"இந்த வாய்க்குக் குறைச்சல் இல்ல!"

நாத்தனார் கெட்டவர் அல்லர். தம்பி மனைவி தேறவேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார். ஆகவே தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த பதிவறையை அவளுக்கு ஒதுக்கித் தந்தார். காலையில் படிப்பு, பிறகு மூன்று தட்டுகளை அங்கேயே உட்கார்ந்து கட்டினால் போதும். "சத்தமில்ல, பேச்சுத் துணையில்ல. இதைவிட என்னம்மா வேணும்? உக்காந்து படி. வாயை மட்டும் திறக்காதே, அடுத்த ரூம் என்னோடது."

"அண்ணி, நடக்காம எனக்கு..."

"உக்காரு."

ஓடுகிற ஆற்றைப் பார்த்துக் குளம் ஒன்று இரக்கப்பட்டதாம். "நாளெல்லாம் ஓடுகிறாயே, என்னிடம் வந்து இளைப்பாறு" என்று கரையைத் திறந்துவிட்டதாம். ஆறும் வந்து படுத்தது. பத்தாம் நாள் அதன்மேல் பாசி படர்ந்தது. குளம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இது அழுக்குத் தண்ணீர் என்று எனக்கு அப்போதே தெரியும்" என்றதாம்.

பதிவறையில் பம்பரம் பட்ட பாடும் அதுதான். கால் தானாக ஆடியது. பேனா மூடியைக் கடித்தாள்; நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்; சுவரில் இருந்த ஆணித் துளைகளை எண்ணினாள், இருபத்து மூன்று. வெளியே சத்தம் இல்லாததால் உள்ளிருந்த சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியது. படித்த பக்கத்தையே நான்காம் முறை படித்தாள். தட்டு வந்தபோது வாயை மூடிக்கொண்டு, உட்கார்ந்தபடியே, பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறியிட்டாள். கை குறியிட்டது, மனம் எங்கோ படியேறிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் அறுவை அரங்கிலிருந்து ஒரு புகார்ச் சீட்டு இறங்கி வந்தது. பதினேழாம் எண் கட்டிய தட்டில் சின்ன இடுக்கி ஒன்று குறைகிறது. கத்தி வைக்குமுன் எண்ணிப் பார்த்ததால் நோயாளிக்குத் தீங்கில்லை. வேறு தட்டு வரும்வரை இருபது நிமிடம் தாமதம். பதினேழு என்பது பம்பரத்தின் எண்.

"என்மேலதான் தப்பு அண்ணி" என்றாள் அவள்.

"சொந்தக்காரின்னு நான் மூடி மறைச்சேன்னு நாளைக்கு ஒருத்தரும் பேசக் கூடாது" என்ற நாத்தனார், நின்ற நிலையிலேயே அறிக்கை எழுதினார். 'இயல்பாகவே கவனமற்றவர். தேர்வுக்குப் பரிந்துரைக்க இயலாது.' அது அப்போதே தலைமைச் செவிலியான மேட்ரனின் மேஜைக்குப் போய்விட்டது.

பம்பரம் கழுவும் தொட்டியடியில் போய் நின்றாள். நீராவி இயந்திரக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் அசையாமல் நின்றதை அந்த அறை அன்றுதான் கண்டது.

அறிக்கையோடு அந்த எண்ணுக்கு வந்த பழைய சீட்டுகளையும் இணைக்க வேண்டும் என்பது விதி. விதியென்றால் நாத்தனாருக்கு வேதம். மதிய உணவையும் விட்டுவிட்டு, பதிவறையில் ஒன்பது ஆண்டுக் கட்டுகளை அவிழ்த்துப் போட்டுத் தேடினார். பம்பரம் தன் புத்தகத்தை எடுக்க அங்கே வந்தபோது, தரையெங்கும் சீட்டுகளைப் பரப்பி நடுவில் அமர்ந்திருந்தார்.

"உன் நம்பர் எப்பவும் பதினேழுதானா? நடுவுல மாத்தினாங்களா?"

"இல்ல அண்ணி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வந்த நாள்லருந்து பதினேழுதான்."

நாத்தனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இயந்திரக்காரர் முன்னாடி கட்டிட்டிருந்தப்ப அவர் பேர்ல பதினொரு சீட்டு. எனக்கே ரெண்டு இருக்கு, எனக்கு ஞாபகமே இல்ல. உனக்கு..." கையில் அந்த ஒரே ஒரு சீட்டு இருந்தது. "இன்னைக்கு வந்தது மட்டுந்தான்."

பம்பரம் குனிந்து அந்தச் சீட்டைப் பார்த்தாள்.

"அங்க மேஜையைச் சுத்திச் சுத்திக் கட்டினப்ப ஒண்ணுகூடத் தப்பல. உன்னை இங்க கொண்டுவந்து உக்கார வெச்சு, வாயைக் கட்டினது யாரு?"

"என் நல்லதுக்குத்தானே செஞ்சீங்க?"

"செஞ்சேன். நீ சொல்ல வந்ததைக் கேக்காமச் செஞ்சேன்." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வா, மேல போலாம்."

நாத்தனார் புதிதாக எழுதித் தந்த இரண்டாவது தாளை மேட்ரன் படித்துவிட்டு, முதல் தாளை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டாவதில், தட்டில் நேர்ந்த குறைக்குப் பொறுப்பு எண் நான்கு என்று இருந்தது. அது நாத்தனாருடைய எண். இருபத்தாறு ஆண்டுப் பணியில் அவர் தாமே தம்மேல் எழுதிக்கொண்ட முதல் குற்றச்சாட்டு அது. அதன் கீழே, பதினேழாம் எண்ணுக்குத் தேர்வில் நின்றும் இடையிடையே நடந்தும் விடை எழுத அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. ஆதாரமாக மருத்துவரின் குறிப்பு.

"ஒரே நாள், ஒரே கையெழுத்து, ரெண்டு அறிக்கை" என்றார் மேட்ரன். "நான் எதை நம்பட்டும்?"

"ரெண்டாவதை நம்புங்க மேடம். முதலாவதை எழுதுறப்ப நான் எண்ணிப் பாக்கல."

"உங்க பதிவேட்டுல இது ஏறும். தெரியுமில்ல?"

"ஏறட்டும் மேடம்."

"அண்ணி, வேண்டாம்" என்று பம்பரம் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு" என்று அதட்டிய நாத்தனார், மேஜைமேல் இருந்த பம்பரத்தின் தேர்வு விண்ணப்பத்தைத் தம் பக்கம் திருப்பி, பரிந்துரைப்பவர் என்ற இடத்தில் கையெழுத்திட்டார். பிறகு முதல் அறிக்கையைக் கேட்டு வாங்கி, 'இயல்பாகவே கவனமற்றவர்' என்ற வரியை அளவுகோல் வைத்து அடித்து, பக்கத்தில் 'இது தவறு. எழுதியவரின் தவறு' என்று எழுதித் தேதியும் போட்டார்.